நாற்பத்தைந்து டைல்ஸ்

ஆறு நிமிட நடை என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. நீளமான தாழ்வாரம், இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். பக்கவாதம் வந்தவரை ஆறு நிமிடம் நடக்கவிட்டு எத்தனை மீட்டர் நடந்தார் என்று எழுத வேண்டும். இதைச் செய்ய எட்டாம் வகுப்புப் படிப்பே அதிகம். இதைக் கெடுப்பதற்குத்தான் என்னைப் போல முனைவர் பட்டத்துக்குப் படிக்க வேண்டும்.

ஆறு வருடம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துவிட்டு, மறுவாழ்வு அறிவியல் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பக்கவாத நோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுக்கும் நடைப்பயிற்சியை மூன்றே மாதத்தில் நெருக்கிக் கொடுத்தால் பலன் கூடுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. பயிற்சிக்கு முன்னால் ஒரு நடை, பயிற்சி முடிந்து ஒரு நடை. முப்பத்தோரு பேர். பழைய ஆறு மாத முறையில் பயிற்சி பெற்றவர்களின் கணக்கு முந்தைய வருடமே முடிந்திருந்தது. அவர்களுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு மீட்டர் கூடியிருந்தது. என் ஆட்களுக்கு நாற்பத்திரண்டு மீட்டர்.

நாற்பத்திரண்டைப் பார்த்ததும் என் வழிகாட்டியான பேராசிரியர் எழுந்து நின்று கை கொடுத்தார். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் விளக்கெண்ணெய். குரலை உயர்த்த மாட்டார், எதற்கும் ஆமாம் இல்லை என்று சொல்ல மாட்டார், எங்கே பிடித்தாலும் வழுக்கும். ஆனால் அந்த வாரம் மட்டும் மருத்துவமனைக் கூட்டத்தில் தெளிவாகப் பேசினார். என் ஆய்வேடு அச்சுக்குப் போகும் முன்பே புது விதி வந்துவிட்டது. மூன்று மாதம் முடிந்ததும் முந்நூற்று ஐம்பது மீட்டரைத் தாண்டியவர்களுக்குப் பயிற்சி நிறுத்தம். அவர்கள் இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு. எனக்குப் பெருமையாக இருந்தது. நான்கு வருடப் படிப்பால் ஒரு விதியே மாறியிருக்கிறது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி என் கணவரின் காதைப் புளிக்க வைத்தேன்.

டைல்ஸ்காரர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இருபது நாள் இருந்தது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரியாக இருந்தவர். இடது கால் இழுக்கும், இடது கை பாதிதான் விரியும். கூடவே அவர் மனைவி, எப்போதும் போல ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. டைல்ஸ்காரர் என்னை டாக்டரம்மா என்பார். நான் டாக்டர் இல்லை, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள் என்று இரண்டு முறை திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பயிற்சி நின்று ஆறு வாரம் ஆகிவிட்டதாம். வீடு மூன்றாவது மாடியாம். முன்பு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குவாராம், இப்போது படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாராம். பயிற்சி அறையில் கேட்டதற்கு, உங்களுக்கு நல்லாயிருச்சு, ஆராய்ச்சிப் பிரிவில்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று கைகாட்டிவிட்டார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது. பயிற்சியை நிறுத்தினால் எல்லோருமே இன்னும் கொஞ்சம் என்றுதான் கேட்பார்கள். அவருடைய தாளை எடுத்து முன்னால் வைத்தேன். முதல் நடை முந்நூற்று இருபத்து நான்கு, இரண்டாம் நடை முந்நூற்று எழுபத்திரண்டு. நாற்பத்தெட்டு மீட்டர் கூடியிருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று சிறு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன்.

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ரெண்டடிக்கு ரெண்டடி டைல்ஸ்மா. மொத தடவை நடந்தப்ப கூம்புக்கும் கூம்புக்கும் நடுவுல அம்பது இருந்துச்சு. ரெண்டாவது தடவை நாப்பத்தஞ்சுதான். தூரத்தக் கொறச்சுட்டா சுத்து கூடத்தான செய்யும்?"

அப்படி இருக்க வாய்ப்பே இல்லை என்றேன். அப்படியிருந்தால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"நடக்கும்போது பேசக்கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க."

சொன்னேன்தான். பேசினால் மூச்சு வாங்கும், தூரம் குறையும், அது விதி. நடந்து முடிந்த பிறகு சொல்லியிருக்கலாமே என்று விடாமல் கேட்டேன். முடிந்ததும் வாயைத் திறந்தாராம். நல்லாப் பண்ணீங்க என்று சொல்லிவிட்டு நான் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேனாம். அவர் மனைவி அவருடைய சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தார். அவர்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஐந்து மீட்டர் இரும்பு டேப் ஒன்று இருக்கிறது. மண்டியிட்டு, சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டு அளந்துகொண்டே போனேன். கூம்பு வைக்கும் இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டியிருந்த இரண்டு மஞ்சள் பட்டைக்கும் நடுவே இருபத்தேழு மீட்டர். மறுபடி அளந்தேன். இருபத்தேழுதான். எங்கள் தாளில் "ஒரு சுற்று அறுபது மீட்டர்" என்று அச்சடித்திருக்கிறது. போய் வர ஐம்பத்து நான்கை நாங்கள் அறுபது என்று எழுதியிருக்கிறோம். எல்லோரும் ஏறக்குறைய ஆறு சுற்று போனவர்கள், ஆளுக்கு முப்பத்தாறு மீட்டர் இனாம். நாற்பத்திரண்டில் முப்பத்தாறு போனால் ஆறு. நான்கு வருடமாக நான் கண்டுபிடித்தது ஆறு மீட்டர். பழைய முறையில் பாதி. தாழ்வாரத்தின் நடுவில் மண்டியிட்டபடியே இருந்தேன். ஒரு சக்கர நாற்காலி என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

டைல்ஸ்காரரின் கணக்கை அங்கேயே தரையில் போட்டேன். ஆறு சுற்று, மேலே பன்னிரண்டு மீட்டர். ஐம்பத்து நான்கால் பெருக்கினால் முந்நூற்று முப்பத்தாறு. அவர் முந்நூற்று ஐம்பதைத் தாண்டவே இல்லை. அவருடைய பயிற்சியை நிறுத்தியது நான் கையெழுத்துப் போட்ட பொய்.

தினமும் காலையில் கூம்பு வைப்பது அலாரத்தின் வேலை. அலாரம் என்பது முதலாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. எட்டு மணி என்றால் ஏழு ஐம்பத்தொன்பதுக்கு நிற்பாள், அதனால் அந்தப் பெயர். நேரே அவளிடம் போனேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்குக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கண் எங்கே இருந்தது, மூளை எங்கே இருந்தது, ஒரு கூம்பைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று ஏழெட்டுப் பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் அழவில்லை. நான் மூச்சு வாங்குவதற்காகக் காத்திருந்தாள்.

"அக்கா, நான் டேப் எங்க ஒட்டியிருக்கோ அங்கதான் வைக்கிறேன். அந்த டேப்பை ஒட்டினது நீங்க."

அப்போதுதான் எனக்கு பீரோ ஞாபகம் வந்தது.

நோயாளிகளின் சம்மதப் படிவங்களைப் பத்து வருடம் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. அதற்காக ஓர் இரும்பு பீரோ வாங்கினார்கள். எங்கேயும் இடம் இல்லாமல் தாழ்வாரத்தின் கோடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எல்லோரும் முதல் நடையை முடித்து, இரண்டாம் நடை தொடங்கும் வாரம் அது. முதலில் நடந்த ஓர் அம்மா கூம்பைச் சுற்றித் திரும்பும்போது பீரோவின் கைப்பிடியில் முழங்கையை இடித்துக்கொண்டார். விழப் பார்த்தார். நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன். நான்தான் பழைய பட்டையைப் பிய்த்துவிட்டு, ஐந்து டைல்ஸ் உள்ளே தள்ளிப் புதுப் பட்டை ஒட்டினேன். பீரோவை எடுக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்க வேண்டும், எடுத்ததும் பழைய இடத்தில் ஒட்ட வேண்டும் என்று நினைத்ததும் நான்தான். அடுத்தவர் நடக்கத் தயாராக நின்றார். மறந்தே போனேன். யாரும் விழக்கூடாது என்று செய்ததுதான். அதற்காகத் தாளில் இருந்த அறுபது தானாகவே ஐம்பத்து நான்காகிவிடுமா?

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் தனியாக. கத்தியது ஏழெட்டுப் பேர் முன்னால், மன்னிப்பு நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். அதை நினைத்தால் இன்னமும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

பேராசிரியரிடம் அன்று மதியமே போனேன். முழுவதும் கேட்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். இது வேறு யாருக்குத் தெரியும் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நோயாளிகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. எண்களைத் திருத்திவிடலாம், சுற்றுகளின் எண்ணிக்கை கைவசம் இருக்கிறது, ஒரு மணி நேர வேலை என்றேன். திருத்தினால் பயிற்சியில் பலனில்லை என்றல்லவா வரும், அப்படி ஓர் ஆய்வேட்டில் தான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று வருத்தப்பட்டார். மருத்துவமனை ஒரு விதியே போட்டுவிட்டதே என்றார். அந்த விதியால்தான் ஒருவர் படியில் உட்கார்ந்து இறங்குகிறார் என்றேன்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா. பதட்டப்படாத. நீ பாட்டுக்கு எழுதி முடி, மத்தத நான் பாத்துக்கறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவருக்குச் சோறுகூடத் தேவைப்படவில்லை.

அவர் பார்த்துக்கொண்டது எப்படி என்று வியாழக்கிழமை தெரிந்தது. அலாரம் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தாள். தட்டச்சு செய்த கடிதம். கூம்புகளைத் தன் கவனக்குறைவால் தவறான இடத்தில் வைத்ததாகவும், அதற்குத் தானே முழுப் பொறுப்பு என்றும், மூத்த ஆராய்ச்சி மாணவிக்கோ வழிகாட்டிக்கோ இதில் தொடர்பில்லை என்றும் எழுதியிருந்தது. இப்போதைக்கு யாருக்கும் அனுப்ப மாட்டார்களாம். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்காம். கீழே அவள் பெயருக்கு மேல் காலியிடம்.

"கையெழுத்துப் போட்டா நீங்க முடிச்சிடலாம்னு சார் சொன்னாரு. போடட்டுமாக்கா?"

எதிர்த்துப் பேசத் தெரியாதவள் இல்லை அவள். டேப் விஷயத்தில் என் முகத்துக்கு நேரே சொன்னவள்தான். ஆனால் என்னிடம் சொல்ல முடிந்ததை அவரிடம் சொன்னால் அவளுக்கு இடம் இருக்காது. கையெழுத்துப் போட்டாலும் இருக்காது. அது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நான்கு வருடம். முப்பத்தைந்து வயது. விட்டுவிட்டு வந்த வேலை. உறவுக்காரர்கள் எந்த விசேஷத்தில் பார்த்தாலும் கேட்கும் "இன்னும் முடியலையா?" அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கே கொண்டுபோனேன். சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். என் பொருட்டு அவரும் நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர். தட்டைப் பார்த்தபடி, "அஞ்சு டைல்ஸ்தானே?" என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அவர் மேல் இல்லை. இரண்டு நாளாக என் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் அதே வார்த்தைதான். அதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதும் பொறுக்க முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவிவிட்டு, அந்தக் கடிதத்தை நான்காகக் கிழித்தேன். பிறகு ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு என் கடிதத்தை எழுதினேன். பட்டையை நகர்த்தியது நான். அளக்காமல் விட்டது நான். முப்பத்தோரு பேரின் சுற்றுகள் இதோ, சரியான தூரம் இதோ. இதில் பதினான்கு பேர் முந்நூற்று ஐம்பதைத் தாண்டாமலே தாண்டியதாக எழுதப்பட்டு அனுப்பப்பட்டிருக்கிறார்கள், அவர்களை உடனே திரும்ப அழைக்க வேண்டும். இப்படி ஒரு பொய்க் கடிதம் தயாரிக்கப்பட்டது என்பதையும், யார் சொல்லி என்பதையும் சேர்த்தேன். மெருகு ஏற்றவில்லை. என் ஆய்வேட்டின் எந்தப் பக்கத்தையும் நான் அவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

பேராசிரியர் மறுவாரமே எனக்கு வழிகாட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். காரணம், வேலைப்பளு. தாழ்வாரத்தில் எதிரே பார்த்தால் அப்போதும் சிரிப்பார், எப்படிம்மா இருக்க என்பார். அந்தச் சிரிப்புக்கு அடிப்பதே மேல். ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பினார்கள். புது வழிகாட்டி கிடைத்தால் மறுபடி முதலிலிருந்து என்றார்கள். அலாரத்தை வேறு ஒருவரிடம் மாற்றினார்கள். அவள் இடம் போகவில்லை. குழு இரண்டு முறை கூடியது, ஒரு முறை தள்ளிப்போனது, விளக்கம் கேட்டது, விளக்கத்துக்கு விளக்கம் கேட்டது. நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த அலுவலக வாசலில் போய் நின்றேன். அங்கே இருந்த எழுத்தருக்கு என்னைக் கண்டாலே தலைவலி வந்தது. வரட்டும் என்று நின்றேன். பதினான்கு பேரையும் திரும்ப நடக்கவைத்துப் பார்க்கலாம் என்று உத்தரவு வருவதற்குள் இன்னும் பத்து வாரம் ஓடிவிட்டது.

டைல்ஸ்காரர்தான் முதல் ஆள். காலை ஒன்பது மணிக்கு மனைவியோடு வந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பீரோவை அதற்குள் வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். முப்பது மீட்டரை நானே இரண்டு முறை அளந்து வைத்திருந்தேன். தொடங்குவதற்கு முன் எனக்கு ஒரே பயம்தான். முந்நூற்று ஐம்பதுக்கு மேல் நடந்தால் பயிற்சி இல்லை. அவர் வைராக்கியக்காரர், என் முன்னால் நன்றாக நடந்து காட்ட வேண்டும் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது? மெதுவாக நடங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு முறை, விதியில் உள்ள வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும்.

என் பயம் தேவைப்படவே இல்லை. அவர் உயிரைக் கொடுத்துத்தான் நடந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, வலது காலை ஊன்றி இடது காலை அரைவட்டமாக வீசி வீசி. இரண்டாவது நிமிடத்திலேயே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. மூன்றாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார். நல்லாப் பண்றீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு என்று நான் சொன்னேன். சொல்ல வேண்டியது அதுதான். நேரம் முடிந்தபோது நான்கு சுற்றும் பதினெட்டு மீட்டரும் ஆகியிருந்தது. இருநூற்று ஐம்பத்தெட்டு.

நாற்காலியைக் கொண்டுபோய் அவர் பின்னால் வைத்தேன். ஏழு மாதத்துக்கு முன்பு, பயிற்சி தொடங்குவதற்கு முன்பு, அவர் நடந்தது முந்நூற்று இருபத்து நான்கு. பயிற்சி முடிந்தபோது உண்மையில் முந்நூற்று முப்பத்தாறு. நடுவில் நின்ற நான்கு மாதத்தில் இத்தனையும் போயிருக்கிறது. நோயாளியிடம் தூரத்தைச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, முன்பே ஒரு முறை எரிச்சலில் மீறியதுதான். சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"முந்நூத்தி அம்பதுக்குக் கீழதான? அப்ப சேத்துக்குவாங்கல்ல?"

மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பரீட்சையில் தேறிய பையன் மாதிரி. எழுபத்தெட்டு மீட்டர் தொலைத்ததற்குச் சந்தோஷப்படுகிற மனிதனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். திரும்பச் சேர்வது புதுப் பதிவுதான். வரிசையின் கடைசியில்தான் பெயர் ஏறும். இப்போதைய வரிசை ஏழு மாதம். தவறு எங்களுடையது, அவர்களை முன்னால் விடுங்கள் என்று நான் மூன்று கடிதம் எழுதியிருந்தேன். விதியில் அதற்கு வழி இல்லையாம். தப்பான எண்ணை நம்பி ஒரே வாரத்தில் விதி போடத் தெரிந்தவர்களுக்கு, சரியான எண்ணுக்கு வழி தெரியவில்லை. ஏழு மாதம் என்பதை அவரிடம் சொன்னேன். தவறு என்னுடையது என்பதையும், இந்த முறை தாழ்வாரத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் காதில் விழும்படியாகச் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். சிரிப்பு போகச் சற்று நேரம் ஆனது. தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டார். இவ்வளவு நாளில் என்னிடம் ஒரு வார்த்தை பேசாத அவர் மனைவி எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று நிமிர்ந்து நின்றேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

"உங்க படிப்பு நின்னுபோச்சுன்னு வெளியில சொன்னாங்க. இவரு அன்னைக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா உங்களுக்கு முடிஞ்சிருக்கும். மனசுல வச்சுக்காதீங்கம்மா."

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் எதையாவது தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. அந்த அம்மா துணிப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினார்.